பிறந்தநாளுக்குக் கூடப் போகிறவள்

நான் ஆசிரியையாக இருக்கிற பள்ளியில் ஒரு பழக்கம் இருந்தது. பிறந்தநாள் வருகிற பிள்ளை அன்றைக்கு மட்டும் சீருடைக்குப் பதில் கலர் டிரஸ்ஸில் வரலாம். காலையில் வகுப்பில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்ததும், ஆபீசுக்கும் ஆசிரியர்கள் அறைக்கும் மற்ற வகுப்புகளுக்கும் கொடுக்கக் கிளம்பும். அப்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். துணைக்கு ஒரே வேலைதான். சாக்லேட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடக்க வேண்டும். ஒரு பீரியட் முழுக்க வெளியே சுற்றலாம், டப்பாவில் மிஞ்சியதில் பங்கு கிடைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், இவள்தான் அவளுடைய ஆள் என்று பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

அதற்காக மாதக்கணக்கில் பேரம் நடக்கும். இரண்டு பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

"என் பர்த்டேக்கு உன்னத்தான கூட்டிகினு போனேன். உன் பர்த்டேக்கு இன்னாத்துக்கு அவள கூட்டிகினு போன?"

"நீ எங்க என்ன ஃபுல்லா கூட்டிகினு போன? ஹெச்.எம். ரூமுக்கு நீ மட்டும் போய்ட்டு வந்துட்ட. என்ன வெளிய செருப்பாண்ட நிக்க வச்சிட்ட."

இந்தப் பழக்கத்தை நிறுத்தியது நான்தான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வளர்ந்தவள். அப்பா ஒரு சின்ன வார்ப்புப் பட்டறையில் ஹெல்பர். அம்மா ஒரு கம்பெனியில் பேக்கிங். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில் முதலில் படித்தவள் நான். என் மதிப்பெண் அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்க அங்கே யாரும் இல்லாததால், எது நல்ல மார்க் என்பதையும் நானே முடிவு செய்து சொல்வேன். நான் நன்றாகப் படிக்கிறேன் என்று நான் சொன்னால் அதுதான் முடிவு. அந்தப் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நான் பிறந்தபோது நல்ல மழை என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியும். சான்றிதழில் இருப்பதோ ஜூன் மாதத்து வெயில் நாள் ஒன்று. பள்ளியில் சேர்த்தபோது வயது பொருந்துவதற்காகத் தலைமையாசிரியர் போட்ட தேதி அது. நான் படித்த பள்ளியிலும் இதே பழக்கம்தான். ஆனால் பள்ளி திறந்து யாருக்கும் யாரையும் தெரியாத வாரத்தில் என் பிறந்தநாள் வந்து போய்விடும். நான் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு போனதில்லை. யாரும் என்னைக் கூட வா என்று கூப்பிட்டதும் இல்லை. பி.எட். முடித்து, கரையான்சாவடியிலிருந்து உள்ளே போகிற சாலையில் இருக்கும் இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது, மொடமொடப்பான காட்டன் புடவையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக பஸ்ஸில் வருவேன். இறங்கிய பிறகும் அட்டையைக் கழற்றமாட்டேன். வீடு வரைக்கும் அது ஆடிக்கொண்டே வரும்.

போன வருடம் ஆறாம் வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் புதிதாக எழும்பிய அடுக்ககங்களிலிருந்து வருகிற பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் அம்பத்தூரிலோ போரூரிலோ ஐ.டி. கம்பெனியில் இருப்பார்கள், சொந்த ஊர் திருநெல்வேலியோ சேலமோ. இன்னொரு பக்கம் சுற்றியிருக்கும் பழைய ஊர்களின் பிள்ளைகள். அந்த அடுக்ககங்கள் நிற்கிற நிலத்தில் இவர்களுடைய தாத்தாக்கள் நெல் போட்டிருப்பார்கள். பெஞ்சில் நான் மாற்றி மாற்றித்தான் உட்கார வைப்பேன். மணி அடித்ததும் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்துவிடுவார்கள்.

ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், ஊர்ப் பையன் ஒருவனுக்குப் பிறந்தநாள். கடையில் ஜாடியில் விற்கிற மிட்டாயைப் பை நிறையக் கொண்டு வந்திருந்தான். அடுக்ககத்துப் பையன் ஒருவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இது எங்க வீட்ல வேலை செய்ற அக்காவோட பசங்களுக்கு அம்மா குடுக்கிற மிட்டாய்டா."

"இன்னாடா சொன்ன?"

"உண்மையத்தான சொன்னேன்."

மிட்டாய் தரையில் சிதறியது. ஒரு சட்டைப் பட்டன் போனது. நான் இருவரையும் பிரித்து நிற்க வைத்தேன். பிறந்தநாள்காரன் புதுச் சட்டையின் கைப்பகுதியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்த அந்த நிமிடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அன்று மதியமே வகுப்பில் அறிவித்தேன். இனிமேல் கலர் டிரஸ் கிடையாது, சாக்லேட் கிடையாது, துணை என்று யாரையும் கூட்டிப் போவதும் கிடையாது. ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை, அந்த மாதத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் முன்னால் வந்து நிற்பார்கள். வகுப்பு மொத்தமும் அவர்களுக்காகப் பாடும். பிறகு ஒவ்வொருவரைப் பற்றியும் மற்றவர்கள் ஒரு நல்ல விஷயம் சொல்வார்கள். "இந்த வகுப்புல எல்லாரும் ஒண்ணு" என்றேன். ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டதும் எனக்குத் தோன்றியதுமாகக் கலந்து செய்த திட்டம். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் தானாக எழுந்து கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"மிஸ், இந்த மாசத்துலேர்ந்தேவா? இல்ல அடுத்த வருசத்துலேர்ந்தா?"

"இன்னைலேர்ந்தே" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவளை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழைப் பிள்ளைகளுக்கான இலவச ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி.யிலேயே சேர்ந்தவள். கையெழுத்து அழகாக இருக்கும். மணி அடித்ததும் யாருக்கும் நிற்காமல் போய்விடுவாள். அதுவரை நடந்த பிறந்தநாள் எதிலும் யாரும் அவளைத் துணைக்குக் கூப்பிடவில்லை. கலர் டிரஸ்ஸும் சாக்லேட்டும் அவளுக்கு ஒரு பயம் என்றும், அந்தப் பயத்திலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்றும் அன்று மாலை பஸ்ஸில் நினைத்தேன். இந்தத் திட்டம் யாருக்காக என்று கேட்டிருந்தால் அவளைத்தான் காட்டியிருப்பேன்.

ஜனவரிக் கடைசி வெள்ளி நன்றாகப் போனது. பிரின்சிபல் மேடம் வந்து பார்த்தார். படம் எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பதிலுக்குக் கைகூப்பும் பொம்மைகளாக வந்து குவிந்தன. மற்ற வகுப்புகளுக்கும் இதையே கொண்டு வரலாம் என்றார் மேடம். அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "எல்லாப் புள்ளயும் ஒரே மாரி நிக்குது" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

பிப்ரவரிக் கடைசி வெள்ளியில் நான்கு பேர் முன்னால் வந்து நின்றார்கள். அவளும் ஒருத்தி. அவளுடைய பிறந்தநாள் இரண்டு வாரத்துக்கு முன்பே வந்து போயிருந்தது. அன்று எல்லோரையும் போலச் சீருடையில் வந்து, எல்லோரையும் போலப் போனாள். வெள்ளிக்கிழமையும் சீருடைதான். பாவாடையின் மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி போல நின்றது.

பாடி முடித்தார்கள். அவளுடைய முறை வந்தது. "நல்லா எழுதுவா மிஸ்" என்றான் ஒருவன். "யாரையும் மாட்டி விடமாட்டா" என்றாள் ஒருத்தி. பிறகு, அடுக்ககத்துப் பெண் ஒருத்தி, வகுப்பில் எப்போதும் நிறையப் பேசுகிறவள், எழுந்து நின்றே கையைத் தூக்கினாள்.

"மிஸ், இவ டெய்லி சாயந்தரம் எங்க வீட்டுக்கு அயர்ன் துணி எடுத்துட்டு வருவா. லிஃப்ட் ரிப்பேர்னா கூட நாலு மாடி படியேறி வருவா. அதனால நான் இவகிட்ட..."

"டேய், இஸ்திரிடா" என்றது பின் பெஞ்ச்.

"என் சட்டையும் குடுத்தா தேச்சுத் தருவியா? பில்லு எவ்ளோ?"

சிரிப்பு பரவியது. ஊர்ப் பிள்ளைகள், அடுக்ககத்துப் பிள்ளைகள் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் சிரித்தார்கள். வருடம் முழுக்க நான் ஒன்று சேர்க்கப் பார்த்த வகுப்பு அப்போதுதான் ஒன்று சேர்ந்தது.

நான் மேஜையைத் தட்டினேன். "எதுக்கு சிரிப்பு? உழைக்கிறது கேவலமா? அம்மாவுக்கு ஹெல்ப் பண்ற பொண்ணு. எல்லாரும் கைதட்டுங்க" என்றேன். பெரிய காரியம் செய்வதுபோல நானே முதலில் தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள். பின் பெஞ்ச் கூடுதலாகவே தட்டியது. அவள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பையும் படம் எடுத்தேன்.

"மிஸ், நான் இன்னும் முடிக்கல" என்றாள் நின்றுகொண்டிருந்த பெண்.

"போதும்மா, டைம் ஆச்சு" என்று அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. சார்ட் பேப்பர் வாங்கக் கரையான்சாவடி மெயின் ரோட்டுக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது, வழக்கமாக நான் போகாத பக்கத்தில், பெரிய அடுக்ககம் ஒன்றின் கேட்டுக்கு அருகே இஸ்திரி வண்டி நின்றது. கரிப்பெட்டியைத் துணிமேல் ஓட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். பெற்றோர் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருகிற முகம். அவளுடைய அம்மா.

"டீச்சர், வாங்க வாங்க. இந்த வெயில்ல எங்க போய்ட்டு வரீங்க?" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதிலிருந்து ஒரு சாக்லேட்டை நீட்டினார். கடையில் கொஞ்சம் மேல் தட்டில் வைத்திருக்கிற ரகம்.

"பாப்பா பொறந்தநாளுக்குன்னு பொங்கலுக்கே வாங்கி வச்சது. ஸ்கூல்ல குடுக்கக் கூடாதுன்ட்டாங்களாமே. ஊட்ல வச்சா எறும்பு வந்துடுது. அதான் துணி குடுக்க வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்துகினு கீறேன். எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டேன். "டிரஸ் எதுவும் எடுத்தீங்களாம்மா?" என்று ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசை எனக்கு இருந்திருக்க வேண்டும்.

"எடுக்காம? இவ்ளோ வருசம் கலர் டிரஸ் கேட்டதே இல்ல. இந்த வருசந்தான் கேட்டுச்சு. பொங்கலுக்கு எடுத்தேன். போட்டுக்கோன்னா, மாட்டேன், பர்த்டேக்குதான் ஸ்கூலுக்குப் போட்டுகினு போவேன்னு ஒரே அழும்பு. நானே தேச்சு மடிச்சு வச்சேன். அப்டியே கீது."

பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, யாரோ ஒருவருடைய சட்டைக் காலரைக் கையால் நீவினார்.

"இந்தா இந்த பில்டிங்லதான், நாலாவது மாடில ஒரு பாப்பா கீதே, உங்க கிளாஸ்தான். அதுதான் டப்பாவ தூக்கிகினு கூட வரும்னு சொல்லிகினே இருந்துச்சு. அந்தப் பாப்பாவே சொல்லிச்சாம் டீச்சர். தினம் நீ எங்க ஊட்டுக்கு மூட்ட தூக்கிகினு வர்ற, உன் பர்த்டேக்கு நான் உன் டப்பாவ தூக்கிகினு வரேன்னு. கேட்டு நானே சிரிச்சேன். பசங்க எப்டியெல்லாம் பேசிக்கிதுங்க பாருங்க."

நேற்று நான் முடிக்கவிடாத வாக்கியம் இதுதான்.

"இப்ப இன்னான்னு தெரியல, நேத்துலேர்ந்து அந்த ஊட்டுக்கு நீயே போய்க் குடுன்றா. கேட்டா ஒண்ணியும் சொல்லமாட்டேன்றா. ஸ்கூல்ல எதுனா சண்டையா டீச்சர்?"

"தெரியலையேம்மா, விசாரிக்கிறேன்" என்றேன். கையில் அவர் கொடுத்த சாக்லேட் இருந்தது. பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக வந்தது.

திங்கட்கிழமை அந்த நாலாவது மாடிப் பெண் இடைவேளையில் என் மேஜைக்கு வந்தாள். எப்போதும் துள்ளிக்கொண்டு வருகிறவள், மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், நான் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லம்மா. நல்லதுதான சொன்ன."

"அப்புறம் ஏன் அவ எங்கிட்ட பேச மாட்டேங்கிறா? எங்க வீட்டுக்கும் வரல. அவங்க அம்மாதான் வந்தாங்க. நான் கதவத் தொறந்து அவன்னு நெனச்சிட்டேன்."

சொல்லியிருக்கலாம். நீ தப்பு செய்யவில்லை, பேச வைத்தது நான், பாதியில் நிறுத்தியதும் நான், டப்பாவை உன் கையிலிருந்து பிடுங்கியதும் நான் என்று. பன்னிரண்டு வயது கூட ஆகாத பிள்ளைக்குப் புரிந்திருக்கும். "சரியாயிடும், போ" என்றேன். அவள் தன்மேல்தான் தப்பு என்று நம்பிக்கொண்டே போனாள். அதை நான் அனுமதித்தேன்.

பிறகு மற்றவளைத் தனியாகக் கூப்பிட்டேன். வராந்தாவில், தண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். வாயைத் திறந்தபோது சலுகை வந்தது.

"நாளைக்குக் கலர் டிரஸ் போட்டுக்கிட்டு வா. சாக்லேட்டும் கொண்டு வா. உனக்கு யாரைக் கூட்டிட்டுப் போகணுமோ கூட்டிட்டுப் போ. நான் மேடம்கிட்ட சொல்லிக்கிறேன்."

அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"வேணாம் மிஸ்."

"ஏன்?"

"மத்தவங்களுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு மிஸ்? நீங்கதான சொன்னீங்க, எல்லாரும் ஒண்ணுன்னு."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் என் பேச்சைக் கேட்டு நடக்கிற பிள்ளை. அதனால்தான் தன் பிறந்தநாளன்றும் சீருடையில் வந்தாள்.

நான் யோசிக்கத் தவறியது ஒன்று உண்டு. வருடம் முழுக்க யாரும் கூப்பிடாத பிள்ளைக்கும் அந்தப் பழைய வழக்கத்தில் ஒரு நாள் இருந்தது. அன்றைக்கு அவள் யாரைக் கை காட்டுகிறாளோ அவள்தான் எழுந்து வர வேண்டும். எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. இல்லாததை வெறுத்தேன். அந்த வெறுப்பைப் பிள்ளைகள் மேல் வைத்த அன்பு என்று நினைத்து எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன். இந்த இருவருக்கும் நடுவில் நான் சொல்லிக் கொடுக்காமலே ஒன்று முளைத்திருந்தது. வகுப்பில் நான் தேடிக்கொண்டிருந்ததும் அதுதான்.

முழு ஆண்டுத் தேர்வு வந்தது. இருவரும் பேசிக்கொண்டார்களா என்று தெரியாது. மெயின் ரோட்டுப் பக்கம் போகிற வேலை வந்தால், அந்த கேட் வருவதற்கு முன்பே சாலையின் எதிர்ப்புறம் போய்விடுவேன். கழுத்து அட்டையைப் பள்ளியிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளத் தொடங்கியதும் அப்போதுதான்.

இந்த ஜூனில் பள்ளி திறந்தபோது கடைசி வெள்ளி எல்லா வகுப்புகளுக்கும் விதியாகிவிட்டது. ஆபீஸ் வாசலில் அதற்கொரு பலகை. அவர்கள் இருவரும் ஏழாம் வகுப்பு, என் வகுப்புக்கு எதிர் அறை. என் புது ஆறாம் வகுப்பில் முதல் கடைசி வெள்ளிக்கு முன்னால் ஒரு பையன் கேட்டான்.

"மிஸ், இந்த மாசம் நான் ஒருத்தன்தான். தனியா முன்னாடி வந்து நிக்க ஒரு மாரி கீது. கூட ஒருத்தன கூட்டிக்கலாமா?"

"கூட்டிக்கோ" என்றேன். நல்ல விஷயம் சொல்லும் சடங்கை நானே விட்டுவிட்டேன். பாடி முடித்ததும், வேண்டுமானால் இரண்டு பேரும் பக்கத்து வகுப்புகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். சீருடைதான், சாக்லேட் இல்லை. ஆனாலும் அவனும் அவன் நண்பனும் மாலை போட்டவர்கள் மாதிரி நடந்தார்கள். ஏழாம் வகுப்புக்குள் நுழைந்ததை வாசலில் நின்று பார்த்தேன். அங்கே கைதட்டினார்கள். இஸ்திரி வண்டி அம்மாவின் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். தட்டியபடியே அவர்களைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

மாலை மணி அடித்ததும் போய்விடுகிறவள், அன்று என் வகுப்பு வாசலில் நின்றாள்.

"மிஸ், உங்க கிளாஸ்ல இப்ப கூட கூட்டிகினு போலாமா?"

"ஆமாம்மா."

"எங்க கிளாஸ்லயும் வருமா?"

"உங்க மிஸ்கிட்ட கேக்கிறேன்."

"பிப்ரவரிக்குள்ள வந்துடுமா மிஸ்?"

போன ஜனவரியில் கேட்ட அதே கேள்வி. அன்று அது கேள்வியாகவே எனக்குக் கேட்கவில்லை. "வர வைக்கிறேன்" என்றேன். "அந்த டிரஸ்..."

"அது சின்னதாய்டுச்சு மிஸ். தங்கச்சி போட்டுக்கினா."

"யாரைக் கூட்டிட்டுப் போவ?"

அவள் பையின் பட்டையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். வாயோரமாகச் சிரித்தாள்.

"அத இப்ப சொல்லமாட்டேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அன்றும் மன்னிப்பைக் கேட்காமலே நின்றேன். பிறகு, அவளுடைய வகுப்பு ஆசிரியை இன்னும் கிளம்பியிருக்க மாட்டார் என்று, ஆசிரியர்கள் அறையை நோக்கி நடந்தேன்.